பலருக்கு நன்மை, யாருடைய கணக்கில்?

"அதிகம் பேருக்கு அதிக நன்மை" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஃப்ளாட் சொசைட்டி மீட்டிங்கில் சொல்கிறோம். ரோட்டை அகலப்படுத்தும்போது கார்ப்பரேஷன் சொல்கிறது, அணை கட்டும்போது சர்க்கார் சொல்கிறது. ஏதோ நம் பாட்டன் காலத்துப் பழமொழி மாதிரி வாயில் வருகிறது. உண்மையில் இது ஒரு தத்துவம். ஆங்கிலத்தில் யூட்டிலிடேரியனிசம், தமிழில் பயன்பாட்டுவாதம் என்பார்கள். இதற்குப் பிறந்த ஊர் உண்டு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வழியும் உண்டு. நான் கல்லூரிப் படி ஏறியவன் அல்ல. புனேயில் அரிசி மண்டி வைத்து நாற்பது வருடம் கணக்கு எழுதியவன். இந்தத் தத்துவமும் ஒரு கணக்குதான் என்பதால், என் புத்திக்கு எட்டிய வரையில் அதைப் புரட்டிப் பார்க்கிறேன்.

இதை ஒரு முழுக் கோட்பாடாகக் கட்டியவர் ஜெரிமி பெந்தாம். 1748இல் லண்டனில் பிறந்தார். வக்கீலுக்குப் படித்தார், ஆனால் தொழில் செய்யாமல் "சட்டம் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்பதிலேயே ஆயுளைக் கழித்தார். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்தால் அவர் கோபம் நமக்கும் புரியும். தூக்குத் தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கு மேல். கடையில் ஐந்து ஷில்லிங் சரக்கைத் திருடினாலும் தூக்கு! ஏன் என்று கேட்டால் வழக்கம், மரபு என்பார்கள். பெந்தாம் இதையெல்லாம் தள்ளிவிட்டு ஒரே ஒரு அளவுகோலை வைத்தார். ஒரு செயல் எத்தனை பேரைத் தொடுகிறதோ அத்தனை பேருடைய இன்பத்தையும் கூட்டு, துன்பத்தைக் கழி. மிச்சம் நின்றால் நல்லது, நிற்காவிட்டால் கெட்டது. தண்டனையும் ஒரு துன்பம்தான். அதைவிடப் பெரிய துன்பத்தைத் தடுத்தால் ஒழிய அதைக் கொடுக்கக் கூடாது. 1789இல் வெளிவந்த அவருடைய நூலில், இன்பத்தை நிறுக்க ஏழு அளவைகள் சொல்கிறார். எவ்வளவு கடுமையானது, எவ்வளவு நேரம் நிற்கும், வருவது நிச்சயமா, சீக்கிரம் வருமா, மேலும் இன்பம் பெருகுமா, பின்னால் துன்பம் கலக்குமா, எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்று. சரக்கைத் தரம் பார்க்கிற வியாபாரி மாதிரிதான்.

மனிதர் கொஞ்சம் விசித்திரமானவர். செத்த பிறகும் தன் உடல் பயன்பட வேண்டும் என்று உயில் எழுதினார். 1832இல் இறந்தபின், உடலை மருத்துவர்கள் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். எலும்புக்கூட்டுக்கு அவருடைய சட்டையையே மாட்டி, மெழுகுத் தலை வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். இன்றும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பார்க்கலாம்.

இந்தக் கணக்கின் பெருமை ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இதில் பிரபுவும் ஒரு தலை, கூலிக்காரனும் ஒரு தலை. யாருக்கும் ஒன்றுக்கு மேல் இடம் கிடையாது. அடிமை முறை நடந்துகொண்டிருந்த காலத்தில் இது பெரிய பேச்சு. மிருகங்களைப் பற்றியும் பெந்தாம் எழுதினார். அவற்றுக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பது கேள்வியில்லை, வலி உண்டா என்பதே கேள்வி என்று. நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். ஓரறிவு உயிர் வரைக்கும் எண்ணிப் பழகிய வீட்டில் பிறந்தவனுக்கு, இதைப் படிக்கும்போது அந்த வெள்ளைக்காரர் நம்ம வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சரி, இந்தியாவுக்கு எப்படி வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸ் வழியாக. பெந்தாமின் சீடர் ஜேம்ஸ் மில் 1817இல் இந்திய வரலாறு ஒன்று எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது! 1819இல் கம்பெனியின் லண்டன் ஆபீசில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் 1823இல், பதினேழு வயதில் அங்கேயே சேர்ந்து 1858 வரை இருந்தார். அவரும் இங்கே கால் வைக்கவில்லை. மெக்காலே தலைமையில் 1837இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்ட நகல், எல்லாச் சட்டத்தையும் ஒழுங்காகத் தொகுக்க வேண்டும் என்ற பெந்தாமின் ஆசையை ஒட்டியது. அது 1860இல் சட்டமாகி, 2024 ஜூன் வரை நம் தலைமேல் இருந்தது.

நிலவரியிலும் இந்தக் கணக்கு புகுந்தது. விளைச்சலில் சாகுபடிச் செலவும் குடியானவன் லாபமும் கழித்து மிஞ்சுவது யாருடைய உழைப்பும் அல்ல, அதில் வரி எடுத்தால் யாருக்கும் வலிக்காது என்பது ஜேம்ஸ் மில்லின் வாதம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்த பிறகு, இதே நம்ம புனே ஜில்லாவில் பிரிங்கிள் என்ற அதிகாரி நிலத்தை அளந்து, அந்த மிச்சத்தில் 55 சதவீதம் சர்க்காருக்கு என்று தீர்வை போட்டார். செலவுக் கணக்கு தப்பு, நில அளவு தப்பு, விலைவாசியும் விழுந்தது. குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார்கள். 1836இல் இந்தாபூர் தாலுகாவில் வேறு அதிகாரிகள் வந்து, அந்தக் கணக்கைக் கைவிட்டுத் தீர்வையைக் குறைத்தார்கள். வலிக்காது என்று எழுதியவர் லண்டனில் இருந்தார். வலித்தவன் இந்தாபூரில் இருந்தான்.

மகன் மில் தகப்பனைவிட நுட்பமானவர். 1861இல் எழுதிய கட்டுரைகளில், இன்பங்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல, அறிவால் வரும் இன்பம் உயர்ந்தது என்று திருத்தினார். தனிமனித சுதந்திரத்துக்கும் பெண்களின் உரிமைக்கும் வாதாடினார். ஆனால் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலிலேயே, பின்தங்கிய சமூகங்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கிவிட்டார். எல்லாருக்கும் ஒரு தலை என்ற விதி, கப்பல் ஏறி இங்கே வருவதற்குள் கரைந்துவிட்டது. எனக்கு இவர் மேல் மரியாதை உண்டு, இந்த இடத்தில் மட்டும் வருத்தம்.

இவர்கள் செய்த தவறை விட்டுவிடுவோம். கணக்கை நேர்மையாகவே போட்டாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைப் பார்க்க லண்டன் போக வேண்டாம், முல்ஷி போனால் போதும். மழைக்காலத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் பஸ் பிடித்துப் போய்ப் படம் எடுக்கிற அதே ஏரிதான். மும்பை மில்லுக்கும் ரயிலுக்கும் மின்சாரம் வேண்டும் என்று டாடா கம்பெனி அங்கே அணை கட்ட வந்தது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி அரசாங்கமே நிலத்தை எடுத்துக் கொடுத்தது. ஐம்பது கிராமங்கள் அளவில் பாதிப்பு. 1921 ஏப்ரலில் மாவள விவசாயிகள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். பின்னால் சேனாபதி பாபட் என்று பெயர் பெற்றவர் தலைமை தாங்கிச் சிறைக்குப் போனார். பல நிலங்கள் புனே சாவுகார்களிடம் அடமானத்தில் இருந்தன. சாவுகார்களுக்கு நஷ்டஈட்டுப் பணம் வந்தால் சரி. உழுதவனுக்குப் பணம் இல்லை, நிலம்தான் வேண்டும். 1924இல் போராட்டம் ஓய்ந்தது. அணை எழுந்தது. தண்ணீர் மலைக்கு அந்தப்பக்கம் பீராவில் இறங்கி மின்சாரமானது, மும்பை பெற்றது ஏராளம்.

கூட்டிக் கழித்தால் மிச்சம் நிற்கிறதா? நிற்கிறது. பெந்தாம் கணக்குப்படி அணை நல்லது. மண்டிக்காரன் கண்ணுக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் உண்டு. ராமசாமி பற்றில் கிருஷ்ணசாமியின் வரவை எழுதி நேர் செய்தால் ஐந்தொகை பொருந்தும், ஆனால் ராமசாமி கடனாளியாகவே நிற்பான். மும்பையின் வெளிச்சத்தை மாவளனின் பக்கத்தில் வரவாக எழுத எந்தக் குமாஸ்தாவுக்கும் அதிகாரம் இல்லை. மனிதர்கள் தனித்தனி ஆட்கள் என்பதை இந்தத் தத்துவம் மறந்துவிடுகிறது என்று ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1971இல் எழுதியதும் இதைத்தான். சமணத்திலும் ஒருவர் வினையை இன்னொருவர் கணக்கில் ஏற்ற வழியில்லை.

காந்தியடிகள் 1921இலேயே முல்ஷி பற்றி எழுதினார். சம்மதமில்லாத ஓர் ஏழையின் செலவில் வருமானால் அந்த நன்மைக்கு என்ன மதிப்பு என்று கேட்டு, பசித்துக் கிடப்பவர்களையெல்லாம் சுட்டுவிட்டால் மிச்சம் பேர் சுகமாக இருக்கலாமே என்று கசப்போடு குத்திக் காட்டினார். அவருக்குப் பெரும்பாலோர் நன்மை போதாது, எல்லாருடைய நன்மையும் வேண்டும்.

அப்படியானால் அணையே கூடாதா என்று கேட்பீங்க. நான் அப்படிச் சொல்லவில்லை. மருந்து பத்துப் பேருக்குத்தான் இருக்கிறது, வேண்டியவர் நூறு பேர் என்றால் எண்ணித்தான் ஆக வேண்டும்; எண்ணாவிட்டால் சிபாரிசுக்காரன் கொண்டுபோவான். ஆனால் கழித்தல் பக்கத்தில் இருப்பவனுக்கு அவன் பக்கத்திலேயே வரவு வைத்த பிறகுதான் மொத்தம் போட வேண்டும். 2013ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டம் கொஞ்சம் இந்த வழிக்கு வந்தது. தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும், குத்தகைக்காரரும் கூலியாளும்கூட கணக்கில் வருவார்கள் என்றது. பிறகு சில மாநிலங்கள் சில திட்டங்களுக்கு விலக்கும் கொடுத்துவிட்டன.

நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. மகாராஷ்டிராவில் பழைய ஃப்ளாட்டை இடித்துக் கட்ட 51 சதவீத உறுப்பினர் சம்மதம் போதும் என்று 2019இல் ஆணை வந்தது. எங்கள் கட்டிடத்திலும் இப்போது அந்தப் பேச்சு. எனக்குக் கூடுதல் இடம் கிடைக்கும், நான் சம்மதம் என்றேன். தரைத்தளத்தில் முழங்கால் மடக்க முடியாத ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். கட்டி முடிக்கிற வரைக்கும் அவர் எங்கே குடியிருப்பார், வாடகையை பில்டர் யார் கையில் கொடுப்பார், திரும்பி வரும்போது எந்த மாடி? இந்த மூன்றையும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டு பிறகு கை தூக்கலாம் என்று செக்ரட்டரியிடம் கேட்டிருக்கிறேன். மீட்டிங் தள்ளிப்போயிருக்கிறது.