கோப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்

பார்வையை எடுத்தால் போதும், பாய்ந்து வந்து கழுத்தை முறித்துவிடும் ஒரு கான்கிரீட் சிலை. 2007இல் பெயர் சொல்லாத ஒருவர் இணையத்தில் எழுதிப்போட்ட இந்தச் சின்னக் குறிப்பிலிருந்து கிளைத்ததுதான் ‘எஸ்சிபி ஃபவுண்டேஷன்’ என்ற கூட்டுப் புனைவு. மறு ஆண்டே அதற்கென்று ஒரு விக்கி வந்தது. இன்று ஆயிரக்கணக்கான குறிப்புகள். ரஷ்யன், ஜப்பானியம், கொரியன் என்று பல மொழிக் கிளைகள். சேர்ந்தவர் யாரும் எழுதலாம். வாசகர்கள் வாக்களிப்பார்கள், கணக்கு மைனஸ் பத்துக்கு இறங்கினால் குறிப்பை நீக்கிவிடலாம்.

இங்கே கதை, கதையாக வராது. விபரீதப் பொருட்களைப் பிடித்து அடைத்துவைக்கும் ஒரு ரகசிய நிறுவனத்தின் கோப்பாக வரும். பொருள் எண், வகை, அடைத்துவைக்கும் முறை, விவரம். எல்லாம் பழுத்த குமாஸ்தா ஒருவர் எழுதியதுபோன்ற வறண்ட நடை, ஒரே எழுத்துரு, ஒரே அளவு. இந்த வறட்சிதான் இவர்களுடைய முதலீடு என்பேன். வெள்ளை வேட்டியில்தானே கறை தெரியும்!

முதல் கறை, கறுப்புக் கட்டம். பெயர், தேதி, ஊர் இருக்கவேண்டிய இடத்தை ஒரு கறுப்புப் பட்டை மறைத்திருக்கும். யாரோ அழித்திருக்கிறார்கள் என்ற எண்ணமே பாதி பயத்தைத் தந்துவிடுகிறது. அடுத்து, நடுவில் எழுத்து திடீரென்று பெருக்கும், சிறுக்கும், சிவக்கும். நல்ல குறிப்பில் அதுவே ஒரு சம்பவம்: கோப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது அடைபட்டிருந்தது கோப்புக்குள்ளேயே புகுந்துவிட்டது.

அச்சில் இது புதிதல்ல. மார்க் டேனியலெவ்ஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ (2000) நாவலில் கதைசொல்லிகளுக்குத் தனித்தனி எழுத்துரு உண்டு. ‘வீடு’ என்ற சொல் மட்டும் நீலத்தில் வரும். டெரி பிராட்செட்டின் நாவல்களில் வரும் மரணதேவன் சிறிய கேபிடல் எழுத்துகளில் பேசுவார். (தமிழில் கேபிடலுக்கு எங்கே போவது? நம் மரணதேவனுக்குத் தடித்த எழுத்துதான்.) யார் பேசுகிறார் என்பதை எழுத்தின் முகமே காட்டிக்கொடுக்கிறது. காரணம் இருப்பதால் கண் ஏற்றுக்கொள்கிறது.

காரணமில்லாமல் செய்பவர்கள்தான் அதிகம். பேய் வந்தால் எழுத்து வீங்கவேண்டும், பைத்தியம் பிடித்தால் எழுத்துரு மாறவேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இவர்களிடம் இருக்கிறது. எழுத்தின் தலையிலும் காலிலும் யூனிகோட் ஒட்டுக்குறிகளைக் கொத்துக்கொத்தாகத் தொங்கவிடும் ‘ஸால்கோ’ பாணி முதல்முறை மிரட்டும், மூன்றாம்முறை சிரிப்புதான். வாக்கியம் செய்யவேண்டிய வேலையை எழுத்தளவின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். கைப்பேசியில் அந்த அலங்காரம் கலைந்து வரிகள் திரைக்கு வெளியே ஓடுவது தனிக் கொடுமை. பார்வையற்றவர்கள் ஸ்க்ரீன் ரீடர் வைத்துக் கேட்கும்போது நிலைமை இன்னும் மோசம். அளவும் நிறமும் பெரும்பாலும் காதுக்கு வருவதில்லை.

இந்த இடத்தில் எஸ்சிபி-2521 என்ற கோப்பைச் சொல்லவேண்டும். தன்னைப் பற்றி யாராவது பேசினாலோ எழுதினாலோ வந்து தூக்கிப்போய்விடும் ஒரு ஜந்து. படம் வரைந்தால் மட்டும் கண்டுகொள்ளாது. ஆகவே மொத்தக் கோப்பும் படங்களிலேயே இருக்கிறது. தலைப்புகூட வெறும் புள்ளிகளும் கோடுகளும்தான். எழுத்தையே விலக்கிவிட்ட வடிவம், கதையின் விதியிலிருந்தே பிறந்தது. ஆனால் பார்வையற்றவருக்காக அந்தப் படங்களுக்குச் சொற்களில் விளக்கம் சேர்த்தால், ஜந்துவுக்கு நாமே அழைப்பு வைத்த மாதிரி!

எஸ்சிபி-426இல் இந்தச் சிக்கல் இல்லை. அது ஒரு டோஸ்டர். அதைப் பற்றிப் பேசும் எவரும் தன்னைப் பற்றிப் பேசுவதுபோல, தன்மையில்தான் பேசமுடியும். அதனால் கோப்பை எழுதியவரும் தானே ரொட்டி சுடுவதாக நிதானமாக அறிக்கை தருகிறார். எழுத்துரு மாறவில்லை, அளவும் மாறவில்லை. கண்ணால் படித்தாலும் காதால் கேட்டாலும் அதே கிறுகிறுப்பு.