கல்லீரல் புற்றுநோயின் போக்கை அறிவிக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.

கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் ஆரம்பத்தில் நோவு தருவதில்லை. பி, சி வகை ஹெபடைடிஸ் வைரஸ்கள் நெடுநாள் உடலில் தங்கியோருக்கும், மதுவினால் ஈரல் சுருங்கி இறுகியோருக்கும் இது மிகுதியாக வருகிறது. வயிறு வீங்கி உடல் மெலிந்தபின் மருத்துவரை நாடுவோரில் பலருக்கு அறுவைச் சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிட்டிருக்கும். எனவே, நோயை முன்கூட்டி உணர்த்தும் அடையாளம் எது என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி.

இரத்தத்திலுள்ள ஆல்பா பீட்டோபுரோட்டீன் என்னும் புரதத்தை அளப்பது பழைய முறை. சோவியத் விஞ்ஞானி அபெலெவ் 1963-இல் ஈரல் புற்றுடைய எலிகளில் இதைக் கண்டார். ஆனால் சிறு கட்டிகள் பலவற்றில் இது உயர்வதில்லை. புற்றில்லாத ஈரல் அழற்சியிலும் உயர்வதுண்டு.

இக்குறையை நீக்க மைக்ரோ ஆர்.என்.ஏ. உதவக்கூடும். உயிரணுவின் உட்கருவிலிருந்து செல்லும் கட்டளையைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து செல்ல, சுமார் 22 கண்ணிகளே உடைய மைக்ரோ ஆர்.என்.ஏ. அதனுடன் ஒட்டிக்கொண்டு கட்டளை நிறைவேறாமல் தடுக்கிறது. இதனை 1993-இல் ஒரு சிறு புழுவில் கண்டறிந்த ஆம்புரோஸ், ரவ்கன் ஆகியோர் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கல்லீரலிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஏறத்தாழ 70 சதவிகிதம் 122 என்னும் எண்ணுடையது. புற்றுக் கட்டிகள் பலவற்றில் இது குறைகிறது; குறையக் குறைய நோய் பிற இடங்களுக்குப் பரவும் தன்மை மிகுகிறது. மாறாக, 21 என்னும் எண்ணுடையது பெருகி, கட்டியின் வளர்ச்சியை அடக்கும் புரதங்களை உண்டாக விடாது தடுக்கிறது. நுண்பைகளில் அடங்கியோ புரதங்களுடன் பிணைந்தோ இருப்பதால் இவை இரத்தத்தில் எளிதில் சிதைவதில்லை. ஆகவே அவற்றை அளக்க முடிகிறது.

எனினும், எச்சரிக்கை தேவை. ஈரலின் அணுக்கள் எக்காரணத்தால் சிதைந்தாலும் 122 இரத்தத்தில் கசிந்து உயரும். ஆதலால் கட்டியில் குறைந்த பொருளே இரத்தத்தில் மிகுந்து காணப்படலாம். எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தாலும் சில அளவுகள் பிழைபடும். இதனால்தான் ஒன்றை மட்டும் நம்பாமல் பலவற்றைச் சேர்த்து ஆராய்கின்றனர். 2011-இல் சீன ஆராய்ச்சியாளர் ஏழு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கொண்ட சோதனையொன்றை வெளியிட்டனர்.

இம்முறை எங்கும் பழக்கத்திற்கு வரும்வரை கைவசமுள்ள வழிகளைக் கைவிடலாகாது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவித்தல், ஈரல் இறுகியோரை ஆறு மாதத்திற்கொருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்கு அனுப்புதல், பூஞ்சை பிடித்த நிலக்கடலையை உண்ணாது விலக்கச் சொல்லுதல் ஆகியவை களப் பணியாளரும் ஆசிரியரும் இன்றே செய்யத்தக்கவை.