பாசிக்குடாவும் புளோரிடாவும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் கடலுக்குள் வெகுதூரம் நடந்துபோனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அந்தக் கரைக்கு வரமும் அதுதான், வினையும் அதுதான். சுனாமியும் போரும் அடித்துப்போட்டிருந்த இடத்தில், போர் முடிந்த கையோடு உல்லாசப் பயண வலயம் ஒன்றை அமைக்க அரசாங்கம் இறங்கியது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க உல்லாசப் பயணத்துறைச் சட்டத்தின்படி உருவான அதிகார சபை கம்பனிகளுக்குக் காணிகளை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. 2011 முதல் நட்சத்திர விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. காணி யாருக்கு, எவ்வளவுக்கு, என்ன நிபந்தனைக்கு என்பதையெல்லாம் தீர்மானித்தது கொழும்பு. அந்த ஊரின் வாக்குச்சீட்டில் பிறக்கிற கோறளைப்பற்றுப் பிரதேச சபைக்கு அதில் முடிவெடுக்கும் இடம் இருக்கவில்லை. கம்பனி அரசாங்கத்திடம் காணியும் சலுகையும் கேட்பதை நான் பிழை சொல்லவில்லை. ஊரின் வாக்கைச் சுற்றிக்கொண்டு அந்தக் கொடுக்கல் வாங்கல் நடப்பதுதான் பிழை. அதனால் ஊருக்கும் கேடு, கடைசியில் கம்பனிக்கும் கேடு.

கம்பனிக்கு எப்படிக் கேடு என்பதை அறிய புளோரிடாவைப் பார்க்கவேண்டும். டிஸ்னி கம்பனி 1960களின் நடுவில் அங்கே வேறு வேறு பெயர்களில் சத்தமில்லாமல் காணி வாங்கிச் சேர்த்தது. 1967இல் மாநிலச் சட்டசபை அந்தக் காணிக்கென்றே ‘ரீடி கிரீக்’ என்ற தனி நிர்வாக மாவட்டத்தை உருவாக்கிக் கொடுத்தது. பரப்பு ஏறத்தாழ 25,000 ஏக்கர். கட்டட அனுமதி, வடிகால், தீயணைப்பு, கடன் பத்திரம் வெளியிடுதல் எல்லாம் அதன் கையில். விரும்பினால் விமான நிலையமும் அணுமின் நிலையமும்கூடக் கட்டலாம் என்று சட்டம் சொன்னது. நிர்வாக சபையைத் தெரிவுசெய்ய ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை, ஏக்கருக்கு ஒரு வாக்கு. காணி பெரும்பாலும் டிஸ்னியுடையது என்பதால் சபையும் டிஸ்னியுடையதாகவே இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் இது சிக்கலின்றி ஓடியது. 2022இல், பள்ளிக்கூடங்களில் பாலினம் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்திய மாநிலச் சட்டத்தை டிஸ்னி பகிரங்கமாக எதிர்த்தது. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் சினந்தார். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மாவட்டத்தைக் கலைக்கச் சட்டம் வந்தது. 2023இல் அதன் பெயர் மாற்றப்பட்டு, ஆளுநரே நியமிக்கும் ஐவர் சபை வந்து உட்கார்ந்தது. வழக்குகள் நடந்து 2024இல் சமரசம் ஆனது. தயவில் வந்த அதிகாரம் கோபத்தில் போயிற்று. கொடுத்தபோதும் பறித்தபோதும் அந்தப் பிரதேசத்துச் சனங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ரீடி கிரீக் நன்றாகத்தானே நடந்தது, தெருவையும் வடிகாலையும் டிஸ்னி தன் வரிப்பணத்திலேயே போட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே நிலம் பெரும்பாலும் ஆளில்லாத சதுப்புநிலம், டிஸ்னி விலைகொடுத்து வாங்கியது. பாசிக்குடா அப்படியல்ல, பிழைப்பு நடக்கிற கரை. படகு கட்ட மணல் வேண்டும், வலையும் எஞ்சினும் வைக்க வாடி வேண்டும், மீனை ஏற்ற ஐஸ் லொறி கரைவரை வந்துபோக ஓர் ஒழுங்கை வேண்டும். கரைவலை இழுக்கிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்: இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் இழுத்தபடி ஒருவரை ஒருவர் நெருங்கிவர நீண்ட வெறுங்கரை. அந்த நீளத்துக்குத்தான் பாடு என்று பெயர். நடுவில் பத்துச் சாய்நாற்காலி போட்டால் வலை ஏறாது. படகு கட்டும் இடம் சுருங்கியது, கரைக்குப் போகும் பாதைகள் அடைபட்டன என்று பாசிக்குடா மீனவர்கள் பல முறை முறையிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் மனித உரிமை அமைப்பொன்று 2015இல் இலங்கை உல்லாசப் பயணத்துறை பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் அந்த முறைப்பாடுகள் பதிவாகின. திட்டம் வரையும் மேசையில் ஒரு மீனவர் சங்கத் தலைவர் இருந்திருந்தால் ஒழுங்கையை முதலிலேயே வரைபடத்தில் கீறியிருப்பார்கள்.

வேலைவாய்ப்பு வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும். போரில் பிந்திப்போன மாவட்டத்துக்கு முதலீடு அவசரமாகவே வேண்டும். பிரதேச சபைகளிலும் ஊழலும் இழுத்தடிப்பும் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் பிரதேச சபை பிழைவிட்டால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்க வழியிருக்கிறது. கொழும்பு அதிகாரி பிழைவிட்டால் பாசிக்குடாச் சனம் என்ன செய்யும்? அவசரத்தில் கொடுத்த காணி நீதிமன்றத்தில் நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த காணி கோல்ப் மைதானத்துக்காகத் தனியார் கம்பனிக்குப் போன வழக்கில், 2008இல் உயர் நீதிமன்றம் அந்தக் கைமாற்றத்தையே செல்லாது என்றது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்தவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னர், 2000ஆம் ஆண்டில், எப்பாவல பொஸ்பேட் வழக்கில் நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசாங்கம் காவலாளியே, உரிமையாளர் அல்ல என்ற கோட்பாட்டை அதே நீதிமன்றம் நிலைநிறுத்தியிருந்தது. கடற்கரைக்கும் வாவிக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும்.

அடுத்த தேர்தல் என்றேன், அந்தத் தேர்தலே நெடுநாள் வரவில்லை. பாசிக்குடா அடங்கும் கிழக்கு மாகாணத்தின் சபை 2017 செப்டெம்பரில் காலாவதியானது. 2025 முடியும்வரையும் அதற்குத் தேர்தல் வரவில்லை. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களின் கையில் இருந்தன. 2025 மே மாதம்தான் தேர்தல் நடந்தது. இப்போது பிரதேச சபையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கரையோர மக்கள் கேட்கவேண்டியது ஒன்று: உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியையும் சபையில் வையுங்கள். அவர்கள் தயங்கினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி சொல்லியாகவேண்டும்.