உளுந்து வயலில் நாய்க்கடுகு: காய் முற்றும் முன் பிடுங்குங்கள்

டெல்டா மாவட்டங்களில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பே ஈர வயலில் உளுந்து, பச்சைப்பயறு தெளிப்பது வழக்கம். நெல் தரிசுப் பயிருக்கு உழவும் இல்லை, வரிசையும் இல்லை. அதனால் களைக்கருவி ஓட்ட வழியில்லை. வரப்போரத்திலும் மேட்டுப் பகுதியிலும் மஞ்சள் பூவோடு எட்டிப் பார்க்கும் நாய்க்கடுகை ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும்.

அடையாளம் காண்பது எப்படி?

நாய்வேளை என்றும் இதைச் சொல்வார்கள். ஓரடி முதல் மூன்றடி வரை வளரும். ஒரு காம்பில் 3 முதல் 5 சிற்றிலைகள் இருக்கும். செடியைத் தொட்டால் கையில் பிசுபிசுவென ஒட்டும், காட்டமான வாடை வீசும். பூவுக்கு நான்கு இதழ்கள். காய் மெலிந்து நீண்டு, மேல்நோக்கி நிற்கும்.

இது கடுகா?

இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். கடுகுக் காயைப் பிளந்தால் நடுவில் மெல்லிய சவ்வு தெரியும். நாய்க்கடுகில் அது இருக்காது. வெள்ளைப் பூ பூக்கும் நல்வேளையும் இதே குடும்பம்தான். நல்வேளை மக்காச்சோளத்தைப் போல சி4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. அந்தத் திறனை நெல்லுக்குக் கொண்டுவர முடியுமா என்று ஆராயும் விஞ்ஞானிகள் இச்செடியையும் ஆய்வு செய்கிறார்கள்.

கட்டுப்படுத்தும் முறை

* விதைத்த முதல் 30 நாட்கள் முக்கியம். களை அதிகமானால் ஈரத்தையும் உரத்தையும் பயிரோடு பங்கு போட்டுக்கொள்ளும்.
* புல் வகைக் களைகளுக்கான குயிசலோபாப் எத்தில் இதற்கு வேலை செய்யாது. இது அகன்ற இலைக் களை. உளுந்துக்கு ஏற்ற மருந்தையும் அளவையும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெளியுங்கள்.
* செடி குறைவாக இருந்தால் கையால் பிடுங்குவதே மேல். பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.
* காய் பிடித்த செடியை வரப்பில் போடாதீர்கள், எருக்குழியிலும் சேர்க்காதீர்கள். காய் வெடித்துச் சிதறும் விதைகள் எல்லாம் உடனே முளைப்பதில்லை; மண்ணில் காத்திருந்து பின்னர் தலைதூக்கும்.
* விதைக்கு எடுத்து வைக்கும் உளுந்தைச் சலித்துத் தூற்றுங்கள். பொடி விதைகள் சல்லடையில் இறங்கிவிடும்.

எச்சரிக்கை

காது வலிக்கு இதன் இலைச்சாற்றை ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சாறு தோலை எரித்துக் கொப்புளம் உண்டாக்கக்கூடியது. மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.