ரப்பர் பாலில் மின்சாரம் ஓடும்

குமரி மாவட்டத்தின் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் விடியுமுன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுதி. பட்டையைச் சரிவாகச் சீவியதும் பால் வழிந்து சிரட்டையில் சொட்டும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து, ஷீட்டாக்கி உலர்த்தி விற்கிறோம். பெரும்பகுதி டயருக்குப் போகிறது.

இதே ரப்பர் நாடித்துடிப்பையும் அளக்கும். உடம்பில் அணியும் மின்னணுக் கருவி தோலோடு சேர்ந்து நீள வேண்டும், மடங்க வேண்டும். சிலிக்கான் சில்லை இழுத்தால் விரிசல் விட்டுவிடும். ரப்பர் பல மடங்கு நீண்டு திரும்பும், ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது.

2014இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜொனாதன் கோல்மன் குழுவினர், சர்ரே பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். கடையில் வாங்கும் ரப்பர் பாண்டை டொலுயீன் என்ற கரைப்பானில் ஊறப்போட்டார்கள். அது உப்பி, உள்ளே இடைவெளி விழுந்தது. பிறகு கிராஃபீன் கலந்த திரவத்தில் போட்டதும், கிராஃபீன் எனும் கண்ணுக்குத் தெரியாத கரித்தகடுகள் உள்ளே நுழைந்தன. உலர்ந்து சுருங்கியபோது அவை அங்கேயே தங்கிவிட்டன. தகடுகள் ஒன்றையொன்று தொடுமிடமெல்லாம் மின்சாரத்துக்குப் பாதை. இழுத்தால் தகடுகள் விலகி மின்தடை ஏறும், விட்டால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் நாடியும் மூச்சும் பதிவாகின்றன. 800 சதவீதத்துக்கு மேல் இழுத்தபோதும் அது வேலை செய்தது!

இவ்வகைக் கருவிகளுக்கு இன்று பெரிதும் நாடப்படுவது சிலிக்கோன் ரப்பர். தோலுக்கு ஒவ்வும், ஆனால் ஓரத்தில் கீறல் விழுந்தால் எளிதில் கிழியும். இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் மூலக்கூறுகள் வரிசைப்பட்டுப் படிகமாகி, கீறலை மேலும் ஓடவிடாமல் தடுக்கின்றன. விமானச் சக்கரத்துக்கு இன்றும் இதைத் தேடுவது இந்தக் குணத்துக்காகத்தான்.

குறையும் உண்டு. பாலிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். நொதி கொண்டு அதைக் குறைக்கலாம். திரும்பத் திரும்ப இழுத்தால் கருவி காட்டும் அளவும் சற்றே பிசகும்.

நம் மாவட்டத்துக்கு முக்கியம் என்று நான் கருதுவது வேறொன்று. உறைந்த ரப்பரில் கரியைப் பிசைந்தால் அது எங்கும் சிதறிவிடும், நிறையப் போட வேண்டிவரும். பாலிலேயே கலந்து உலர்த்தினால், ரப்பர் துளிகளின் இடுக்குகளில் மட்டும் கரி படிந்து வலையாகிவிடும். கொஞ்சம் போட்டாலே மின்சாரம் ஓடும். அதற்குப் பால் உறையாமல் இருக்க வேண்டும். வெட்டிய உடனே அமோனியா சேர்த்தால் போதும். நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களிலும், சிறு விவசாயிகளின் விளைகளிலும் பால் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. உள்ளூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்று இந்தச் சோதனையைச் செய்து பார்க்க ஒரு வாளிப் பாலே தாராளம்.