ஏணியை ஓரங்கட்டிய தண்ணீர்

பொங்கோலில் கடைத்தொகுதியின் கண்ணாடிச் சன்னல்களைச் சுத்தம் செய்வோரைக் கவனித்திருக்கிறீர்களா? சிலர் ஏணியைத் தொடுவதே இல்லை. தரையில் நின்றபடி நீண்ட கம்பைப் பிடித்து மேலே தேய்ப்பார்கள். கம்பின் நுனியில் பிரஷ் இருக்கும்; அதிலிருந்து தண்ணீர் பீச்சும். தேய்த்து அலசியதும், துடைக்காமலே அடுத்த சன்னலுக்குப் போய்விடுவார்கள்.

அப்படியானால் கறை படியாதா? வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். மங்கலான வளையம் ஒன்று தெரியும். நீர் மட்டுமே ஆவியாகும். அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் உப்புகள் தங்கிவிடும். அந்தக் கறை படியுமுன் துடைத்தெடுக்கத்தான் ஆள் மேலே ஏற வேண்டியிருந்தது.

கம்புடன் வரும் கருவி அந்த உப்புகளை முன்கூட்டியே நீக்கிவிடுகிறது. முதலில், நீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியே செலுத்துவார்கள். இதற்கு எதிர்ச் சவ்வூடுபரவல் என்று பெயர். 2003ல் அறிமுகமான நமது புதுநீரின் தயாரிப்பிலும் இது ஒரு முக்கியக் கட்டம். மீதமுள்ள உப்பின் அயனிகளை ரெசின் மணிகள் பிடித்துக்கொண்டு, ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிகளை விடுவிக்கும். இவ்விரண்டும் சேர்ந்தால் மீண்டும் நீர்தான். அது காய்ந்தால் கண்ணாடியில் எதுவும் மிஞ்சாது.

ஏணியில் என்ன ஆபத்து? 4 மீட்டர் உயரத்தில் சாய்த்தால், அடிப்பகுதி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. ஆள் மேலே ஏற ஏற, ஏணியின் கால் வெளிப்புறம் வழுக்கப் பார்க்கும். தரையின் உராய்வுதான் அதைத் தடுக்கிறது. சோப்புத் தண்ணீர் சிந்தினால் அந்த உராய்வும் குறைந்துவிடும். 3 மீட்டரிலிருந்து விழுபவர் ஒரு வினாடிக்குள், மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். 2013ல் நடப்புக்கு வந்த நமது வேலையிட விதிமுறைகளும் 3 மீட்டருக்குமேல் விழக்கூடிய வேலையை அபாயமானது என்றே வகைப்படுத்துகின்றன.

கம்புக்கும் எல்லை உண்டு. நீளம் கூடக்கூட அது வளையும். தோளும் கழுத்தும் வலிக்கும். கார்பன் இழைக் கம்பில் மின்சாரம் பாயும் என்பதால் மின்கம்பிகளுக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது. உயரமான கட்டடங்களுக்குத் தொங்குமேடையோ, கயிற்றில் இறங்கும் பயிற்சி பெற்ற ஊழியர்களோ தேவை.

நமது அடுக்குமாடி வீடுகளில் என்ன செய்வது? 2012 ஜூன் முதல், சன்னலின் வெளிப்புறத்தை இல்லப் பணிப்பெண் சுத்தம் செய்யவேண்டுமானால், கம்பித் தடுப்பு பூட்டப்பட்டிருக்க வேண்டும். முதலாளியோ வேறொரு பெரியவரோ உடனிருந்து மேற்பார்வையிட வேண்டும். தரைத்தளச் சன்னல்களுக்கும் பொது நடைபாதையைப் பார்த்த சன்னல்களுக்கும் மட்டுமே விலக்கு.

இந்த எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும். அடுத்த முறை சன்னலருகே நாற்காலியை இழுத்துப் போடுமுன், அந்த ஒரு வினாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டாத கறை இருந்துவிட்டுப் போகட்டும்.