பெருநிறுவனங்களின் தலைமையக இடமாற்றமும் வரி விவாதமும்

வரி நோக்கிலான தலைமையக இடமாற்றம் என்பது, ஒரு நாட்டில் தொடங்கி வளர்ந்த பெருநிறுவனம் வரிச்சுமை குறைந்த வேறொரு நாட்டில் தன் தாய் நிறுவனத்தைப் பதிவு செய்து, சட்டப்படி அந்நாட்டு நிறுவனமாக மாறிவிடுவதாகும். அமெரிக்காவில் இது ‘கார்ப்பரேட் இன்வெர்ஷன்’, அதாவது நிறுவனத் தலைகீழாக்கம் எனப்படுகிறது. மேலே இருந்த உள்நாட்டு நிறுவனம் கீழே சென்று, வெளிநாட்டு நிறுவனம் அதன் தாய் நிறுவனமாக மேலே வருவதால் இப்பெயர் வந்தது. பெரும்பாலும் ஆலைகளும் ஊழியர்களும் இருந்த இடத்திலேயே இருக்க, சட்ட முகவரி மட்டும் மாறுகிறது. 1980களில் அமெரிக்காவில் தொடங்கிய இவ்வழக்கம், வரியைக் குறைத்துக்கொள்ளும் உரிமை எங்கே முடிகிறது, நாட்டுக்குச் செய்ய வேண்டிய கடமை எங்கே தொடங்குகிறது என்ற நீண்ட விவாதத்தை எழுப்பியது.

பின்னணி

ஒரு நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை எல்லா நாடுகளும் ஒரே முறையில் முடிவு செய்வதில்லை. நிறுவனம் உண்மையில் எங்கிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்பதையும் சில நாடுகள் கணக்கில் கொள்கின்றன. அமெரிக்க வரிச்சட்டமோ, நிறுவனம் எங்கே பதிவு செய்யப்பட்டது என்பதை மட்டுமே பார்க்கிறது. இதனால் நிர்வாகிகள் அமெரிக்காவிலேயே இருக்க, நிறுவனம் மட்டும் ‘வெளிநாட்டு’ நிறுவனமாக முடிந்தது.

2017 வரை அமெரிக்காவில் நிறுவன வருமானத்துக்கான கூட்டரசு வரி 35 விழுக்காடாக இருந்தது. அமெரிக்க நிறுவனம் உலகில் எங்கு ஈட்டினாலும் அவ்வருமானம் இவ்வரிக்கு உட்பட்டது. வெளிநாட்டில் கட்டிய வரி கழித்துக்கொள்ளப்பட்டது. வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள் தொழில் செய்து ஈட்டிய இலாபத்துக்கு, அதைத் தாயகத்துக்குக் கொண்டுவரும்போதுதான் பொதுவாக வரி விதிக்கப்பட்டது. ஆகவே பல நிறுவனங்கள் இலாபத்தை வெளிநாட்டிலேயே வைத்திருந்தன. 2010களின் நடுப்பகுதியில் இவ்வாறு குவிந்த தொகை 2 இலட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அயர்லாந்தில் தொழில் இலாபத்துக்கான வரி 12.5 விழுக்காடு. பெர்முடாவில் அக்காலத்தில் நிறுவன வருமான வரியே இல்லை.

செயல்படும் விதம்

இடம் மாறிய நிறுவனம் அமெரிக்காவில் ஈட்டும் இலாபத்துக்கு அமெரிக்க வரியைத் தொடர்ந்து கட்டவே வேண்டும். ஆதாயம் இரு வழிகளில் வந்தது. முதலாவது, வெளிநாட்டு இலாபம் அமெரிக்க வரியின் பிடியிலிருந்து விலகியது. இரண்டாவது, அமெரிக்காவில் ஈட்டிய இலாபத்தையும் குறைத்துக் காட்ட முடிந்தது.

இரண்டாவது வழியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அமெரிக்கத் துணை நிறுவனம் ஒன்று 10 கோடி டாலர் இலாபம் ஈட்டுவதாகக் கொள்வோம். 35 விழுக்காட்டு வீதத்தில் வரி 3.5 கோடி டாலர். அத்துணை நிறுவனம், வருமான வரி இல்லாத நாட்டில் உள்ள தன் தாய் நிறுவனத்திடம் கடன் பெற்றதாக ஏற்பாடு செய்து, ஆண்டுக்கு 4 கோடி டாலர் வட்டி செலுத்தினால், வட்டி செலவாகக் கழிக்கப்படும். மீதம் 6 கோடி டாலருக்கு வரி 2.1 கோடி டாலர் மட்டுமே. பிற வரிகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால் மிச்சம் 1.4 கோடி டாலர். பணம் ஒரே குழுமத்தின் ஒரு கையிலிருந்து மறு கைக்குத்தான் போயிருக்கிறது. இத்தகைய ஏற்பாடுகளைத் தடுக்க விதிகள் இருந்தாலும் அவை முழுமையாகத் தடுக்கவில்லை.

வரலாறு

மெக்டெர்மட் என்ற அமெரிக்கக் கட்டுமான நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பனாமாவுக்கு மாறியதே முதல் நிகழ்வாகக் கருதப்படுகிறது. 1990களில் டெக்சாசின் ஹெலன் ஆஃப் டிராய் நிறுவனம் பெர்முடாவுக்கு மாறியது. இதன்பின், இத்தகைய மாற்றத்தில் தம் பங்குகளை வெளிநாட்டு நிறுவனப் பங்குகளாக மாற்றிக்கொள்ளும் அமெரிக்கப் பங்குதாரர்கள் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஆயினும் இங்கர்சால் ரேண்ட் போன்ற நிறுவனங்கள் பெர்முடாவுக்கு மாறின.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பொதுமக்களின் மனநிலை மாறியது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் 1843இல் தொடங்கிய கருவித் தயாரிப்பு நிறுவனமான ஸ்டான்லி வொர்க்ஸ், 2002இல் பெர்முடாவுக்கு மாற முற்பட்டது. தொழிலாளர்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தனர். பங்குதாரர் வாக்கெடுப்பு நடந்த முறை குறித்தும் வழக்கு எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் கடுமையான விதி ஒன்றை இயற்றியது. புதிய வெளிநாட்டு நிறுவனத்தின் பங்குகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ பழைய பங்குதாரர்களிடமே இருந்தால், அது அமெரிக்க நிறுவனமாகவே கருதப்படும். 60 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால், சில சலுகைகள் பத்தாண்டுகளுக்கு மறுக்கப்படும். பதிவு செய்யும் நாட்டில் கணிசமான தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. வெறும் காகித முகவரி இனிப் போதாது என்றானது. ஆனால் இதற்கு எதிர்பாராத விளைவும் இருந்தது. நிறுவனங்கள் போதிய அளவுள்ள வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடி, அவற்றுடன் இணையத் தொடங்கின.

2014இல் பர்கர் கிங், கனடாவின் டிம் ஹார்ட்டன்சுடன் இணைவதாக அறிவித்தது. இணைந்த நிறுவனத்தின் தாயகம் கனடா. பர்கர் கிங்கின் நிர்வாகமோ மயாமியிலேயே தொடர்ந்தது. மின்னசோட்டாவின் மருத்துவக் கருவி நிறுவனமான மெட்ரானிக், அயர்லாந்தில் பதிவான கோவிடியனை 2015 ஜனவரியில் வாங்கி அயர்லாந்து நிறுவனமானது. அமெரிக்காவின் மிகப் பெரிய மருந்துக்கடைத் தொடர்களில் ஒன்றான வால்கிரீன்ஸ் மட்டும், கடும் எதிர்ப்புக்குப் பின் இடம் மாறுவதில்லை என 2014 ஆகஸ்டில் முடிவு செய்தது. அறிவிப்பு வந்த நாளில் அதன் பங்கு விலை சுமார் 14 விழுக்காடு சரிந்தது.

2015 நவம்பரில் மருந்து நிறுவனமான ஃபைசர், டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட ஆலர்கனுடன் 16,000 கோடி டாலர் மதிப்பில் இணைவதாக அறிவித்தது. பழைய ஃபைசர் பங்குதாரர்களின் பங்கு 60 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்குமாறு திட்டம் அமைந்திருந்தது. ஆலர்கன், அமெரிக்க நிறுவனங்களை அடுத்தடுத்து வாங்கிப் பெருத்த நிறுவனம். முந்தைய மூன்று ஆண்டுகளில் அவ்வாறு சேர்ந்த மதிப்பைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று அமெரிக்கக் கருவூலத் துறை 2016 ஏப்ரல் 4 அன்று விதித்தது. இரண்டே நாளில் இணைப்பு கைவிடப்பட்டது.

விவாதம்

எதிர்ப்பாளர்களின் வாதம் கடமை சார்ந்தது. நாட்டின் சாலைகள், நீதிமன்றங்கள், காப்புரிமைச் சட்டம், அரசு நிதியில் நடந்த ஆய்வுகள் ஆகியவற்றால் வளர்ந்த நிறுவனம், வரி கட்டும்போது மட்டும் அந்நியமாகக் கூடாது என்பது அவர்கள் கூற்று. அது கட்டாத வரி, இடம் மாற முடியாத சிறு தொழில்கள் மீதும் சம்பளக்காரர்கள் மீதும் விழுகிறது. வால்கிரீன்சின் வருமானத்தில் கணிசமான பங்கு அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்தே வந்ததும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டது. குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா 2014இல் ‘பொருளாதார நாட்டுப்பற்று’ தேவை என வலியுறுத்தினார்.

ஆதரவாளர்கள், வளர்ந்த நாடுகளிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றைக் கொண்டிருந்த அமெரிக்கச் சட்டமே நிறுவனங்களை வெளியே தள்ளியது என்றனர். வெளிநாட்டுப் போட்டியாளருக்கு இல்லாத சுமையை அமெரிக்க நிறுவனம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டனர். நிர்வாகிகள் பங்குதாரர்களின் பணத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் வாதிட்டனர்.

இவர்கள் அடிக்கடி காட்டும் மேற்கோள், நீதிபதி லேர்னட் ஹேண்ட் 1934இல் அளித்த தீர்ப்பு. வரியை இயன்ற அளவு குறைக்கும் வகையில் ஒருவர் தம் அலுவல்களை அமைத்துக்கொள்ளலாம், கூடுதலாகக் கட்டுவது நாட்டுப்பற்றுக் கடமையும் ஆகாது என்பது அவர் கருத்து. ஆனால் அவ்வழக்கில் வரி செலுத்துபவர் தோற்றார். வரியைத் தவிர்ப்பதன்றி வேறு தொழில் நோக்கம் இல்லாத நிறுவன மாற்றம் செல்லாது என ஹேண்ட் தீர்ப்பளிக்க, 1935இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரு தரப்பும் துணைக்கு அழைக்கக்கூடிய தீர்ப்பு இது.

பங்குதாரர்கள் அனைவரும் பயனடைந்தார்கள் என்பதும் சரியன்று. பங்குகளை நீண்ட காலம் வைத்திருந்த சிறு முதலீட்டாளர்கள், விற்காமலேயே மூலதன ஆதாய வரி கட்ட நேர்ந்தது. 2004 சட்டம் உயர் நிர்வாகிகளின் பங்கு ஊதியத்துக்கும் தனி வரி விதித்தது. மெட்ரானிக் தன் நிர்வாகிகளுக்கு அத்தொகையை ஈடு செய்தது. சிறு பங்குதாரர்களுக்கு அத்தகைய ஈடு கிடைக்கவில்லை.

சட்ட மாற்றங்களும் விளைவும்

ஸ்டான்லியும் வால்கிரீன்சும் பொதுமக்கள் எதிர்ப்பால் பின்வாங்கியவை. ஆனால் பெரும்பாலான நிறுவனங்களின் முடிவை மாற்றியது விதி மாற்றமே. பிரித்தானிய அனுபவமும் இதையே காட்டுகிறது. வெளிநாட்டு இலாபத்தின் மீதான வரி குறித்த அச்சத்தால் 2008இல் விளம்பர நிறுவனமான டபிள்யூ.பி.பி. தன் தாயகத்தை அயர்லாந்துக்கு மாற்றியது. பிரித்தானியா அவ்வரி விதிகளைத் திருத்தியபின் 2013இல் திரும்பியது.

2017இல் அமெரிக்கா நிறுவன வரியை 21 விழுக்காடாகக் குறைத்தது. வெளிநாட்டு இலாபத்தின் மீது குறைந்த வீதத்தில் ஒரு புதிய வரியையும் கொண்டுவந்தது. அதன்பின் இத்தகைய இடமாற்றங்கள் அரிதாயின. 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள், பெரும் பன்னாட்டுக் குழுமங்களுக்குக் குறைந்தது 15 விழுக்காடு வரி என்ற கொள்கையை ஏற்றன. அயர்லாந்து 2024 முதல் அதைச் செயல்படுத்தியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா அவ்வுடன்பாடு தன்னைக் கட்டுப்படுத்தாது என அறிவித்தது. எந்த நாட்டில் பதிவு செய்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு வரி என்ற நிலை வந்தால், முகவரியை மாற்றுவதில் ஆதாயம் இராது. அந்நிலை இன்னும் முழுமையாக வரவில்லை.